மூடி, உறை, ஓடு, தோல்: ஆங்கிலத்தில் 'கவர்' மட்டும் போதாது

நம் ஊரில் 'கவர்' என்ற ஒரு சொல் எத்தனை வேலை பார்க்கிறது என்று கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். மளிகைக் கடையில் சாமான் போட்டுத் தரும் பிளாஸ்டிக் பை கவர், கல்யாணத்தில் மொய்ப் பணம் வைத்துக் கொடுப்பது கவர், தலையணைக்குப் போடுவது கவர், செல்போனுக்கு மாட்டுவது கவர், நோட்டுக்குப் போடும் காக்கி அட்டை கவர், சில வீடுகளில் சட்டி மூடியும் கவர்தான். நமக்குள் பேசும்போது இதில் ஒரு குழப்பமும் வராது. 2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தி வீசும் பிளாஸ்டிக்கைத் தமிழக அரசு தடை செய்த பிறகும்கூட கடையில் "அண்ணே, ஒரு கவர் குடுங்க" என்றுதான் கேட்கிறோம், அவரும் புரிந்துகொண்டு இல்லை என்கிறார் அல்லது துணிப்பை எடுத்துத் தருகிறார். ஆனால் இதே சொல்லை நம்பி விமானம் ஏறினால் முதல் வாரத்திலேயே திண்டாட்டம்தான்.

நான் கோவையில் பீளமேடு பக்கம் மாலை நேரத்தில் பெரியவர்களுக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறேன். வருகிறவர்களில் பாதிப் பேர் வெளிநாட்டு வேலைக்குத் தயாராகும் நர்சுகள், மீதிப் பேர் பம்ப் கம்பெனி, பேக்கிங் பிரிவு, துணிக்கடை என்று வேலை பார்க்கிறவர்கள். பெரும்பாலும் தமிழ் மீடியத்தில் படித்தவர்கள், இலக்கணம் ஓரளவு நன்றாகவே தெரியும். தடுக்கி நிற்பது எல்லாம் கண் முன்னே கிடக்கும் சாதாரணப் பொருளின் பெயரில்தான். இங்கிலாந்துக்கு வேலைக்குப் போன ஒரு மாணவி சொன்னாள்: சூப்பர் மார்க்கெட்டில் பணம் கட்டும் இடத்தில் கவர் கேட்டிருக்கிறாள், அந்தப் பெண்மணி ரொம்ப அக்கறையாக அவளைப் படுக்கை விரிப்புகள் இருக்கும் பக்கத்துக்கு அனுப்பிவிட்டார். அங்கே பைக்கு 'கேரியர் பேக்', அல்லது சும்மா 'பேக்'. கவர் என்றால் அவர்கள் மனதில் முதலில் வருவது மெத்தை, சோபா, புத்தகம் இதையெல்லாம் மூடுகிற ஒன்று. மொய்க் கவர் அவர்களுக்கு 'என்வலோப்', தலையணை உறை 'பில்லோ கேஸ்', செல்போனுக்குப் போடுவது 'ஃபோன் கேஸ்', சட்டி மூடி 'லிட்'.

அப்போதிலிருந்து மூடுகிற, உறையிடுகிற, போர்த்துகிற சொற்களை மட்டும் தனியாக எடுத்து நடத்த ஆரம்பித்தேன். ஆங்கிலச் சொற்களைப் பாடம் பாடமாக நெட்டுரு போடுவதைவிட இப்படி ஒரே கருத்தைச் சுற்றி அடுக்கிக்கொண்டு போனால் எவ்வளவு வேகமாக மனதில் தங்குகிறது என்று வகுப்பில் நேரில் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஒரு தைரியம். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு சொல் என்பது நமக்குப் புதுசே இல்லை. தமிழில் கூரையை வேய்கிறோம், உடம்பைப் போர்த்துகிறோம், இட்லியை இலையில் பொதிந்து தருகிறோம், சுவரில் பூசுகிறோம், தரையை மெழுகுகிறோம், கோழிக்குஞ்சின் மேல் கூடையைக் கவிழ்க்கிறோம், கதவைச் சாத்துகிறோம். சுவரைப் போர்த்தினேன் என்று ஒரு குழந்தைகூடச் சொல்லாது. அந்த உணர்வு நமக்குள் ஏற்கெனவே இருக்கிறது. ஆங்கிலம் என்றதும் அதைக் கழற்றி வைத்துவிட்டு, அகராதியில் 'மூடு' என்று போட்டிருக்கும் முதல் சொல்லோடு நின்றுவிடுகிறோம். அகராதியைத் திறக்கும் முன் தமிழில் இதை எந்த வினையால் சொல்வேன் என்று கேட்டுக்கொள்ளுங்கள். வேய்கிறீர்களா, அது 'தாட்ச்'. துணியைத் தளரப் போர்த்துகிறீர்களா, 'ட்ரேப்'. பொதிகிறீர்களா, 'ராப்'. பூசுகிறீர்களா, 'கோட்' அல்லது 'பிளாஸ்டர்'. எப்போதும் ஒன்றுக்கொன்று அச்சாகப் பொருந்தாதுதான், ஆனால் சரியான அறைக்குள் கொண்டுபோய் விட்டுவிடும்.

அடுத்ததாக நான் கேட்கச் சொல்லும் கேள்வி: இந்த மூடுபொருள் அதோடு சேர்ந்தே வளர்ந்ததா, நாம் வெளியிலிருந்து போட்டதா? அப்புறம் இன்னொன்று: வாயை மட்டும் மூடுகிறதா, சுற்றிலும் மூடுகிறதா? இந்த இரண்டு கேள்விகளில் பாதிச் சொற்கள் தானாகப் பிரிந்துவிடும்.

சேர்ந்தே வளர்ந்ததற்கு அடுக்களையைவிட நல்ல வகுப்பறை கிடையாது. தேங்காயை எடுங்கள். வெளியே இருக்கும் மட்டையும் நாரும் 'ஹஸ்க்', உள்ளே இருக்கும் கொட்டாங்குச்சி 'ஷெல்'. முட்டை ஓடு, நண்டு ஓடு, நத்தைக் கூடு, ஆமை ஓடு, நிலக்கடலை ஓடு எல்லாம் 'ஷெல்'. ஓடு என்று தமிழில் வந்தால் பெரும்பாலும் ஷெல் என்று வைத்துக்கொள்ளலாம், கூரை ஓட்டைத் தவிர, அது 'டைல்'. நிலக்கடலை ஓட்டை உடைத்தால் உள்ளே பருப்பின் மேல் சிவப்பாக ஒட்டியிருக்கிறதே, அது 'ஸ்கின்'. திராட்சை, தக்காளி, உருளைக்கிழங்கு, வெங்காயம், பூண்டு இவற்றின் தோலும் ஸ்கின். ஆரஞ்சு, எலுமிச்சை போல உரித்தோ சீவியோ எடுக்கும் தோல் 'பீல்'. வாழைப்பழத் தோலை இரண்டு விதமாகவும் சொல்வார்கள். தர்பூசணியின் கெட்டியான பச்சைத் தோல் 'ரைண்ட்', பாலாடைக்கட்டியின் வெளிப்புறக் கெட்டிப் பகுதியும் அதுவே. நெல்லின் உமி ஹஸ்க் அல்லது 'ஹல்', அதற்கு உள்ளே இருக்கும் தவிடு 'ப்ரான்'. மக்காச்சோளத்தைச் சுற்றியிருக்கும் பச்சை மடல் ஹஸ்க். பட்டாணி, ஏலக்காய் இவற்றின் கூடு 'பாட்' (pod). மரப்பட்டை 'பார்க்' (bark). ரொட்டியின் வெந்து தடித்த ஓரம் 'க்ரஸ்ட்'. காய்ச்சிய பால் ஆறும்போது மேலே படிகிறதே ஆடை, அதற்கும் அவர்கள் ஸ்கின் என்றுதான் சொல்கிறார்கள். பால் உடுத்தியிருக்கும் ஆடை என்று நாம் பார்க்கிறோம், அவர்கள் தோல் என்று பார்க்கிறார்கள். இரண்டுமே எனக்கு அழகாகத்தான் படுகிறது.

இங்கே ஒரு விஷயத்தைக் கவனித்தே ஆக வேண்டும். என் வகுப்பில் அதிகம் பயன்பட்டது இதுதான். ஆங்கிலத்தில் பெயர்ச்சொல்லையே வினையாகவும் வைத்துக்கொள்வார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் மூடுகிற சொற்களை அப்படி வினையாக்கும்போது அர்த்தம் இரண்டு எதிர்த் திசைகளில் போகிறது. சேர்ந்தே வளர்ந்த தோல், ஓடு என்றால் வினைக்குப் பொருள் அதை எடுப்பது. ஆரஞ்சை பீல் செய்வது என்றால் தோலை உரிப்பது, பட்டாணியை ஷெல் செய்வது என்றால் கூட்டைப் பிரித்து எடுப்பது, தேங்காயை ஹஸ்க் செய்வது மட்டை உரிப்பது, மீனை 'ஸ்கேல்' செய்வது செதில் சுரண்டுவது, கோழியை ஸ்கின் செய்வது தோலை நீக்குவது. நாம் வெளியிலிருந்து போட்ட மூடுபொருள் என்றால் வினைக்குப் பொருள் அதைப் போடுவது. தரையை டைல் செய்வது ஓடு பதிப்பது, சுவரை பிளாஸ்டர் செய்வது பூசுவது, கேக்கை 'ஐஸ்' செய்வது மேலே சர்க்கரைப் பூச்சு வைப்பது, வீட்டை 'ரூஃப்' செய்வது கூரை போடுவது, பாட்டிலை 'கேப்' செய்வது மூடி திருகுவது. இதை ஒரு தடவை கரும்பலகையில் இரண்டு பக்கமாக எழுதிக் காட்டினால் போதும், அப்புறம் யாரும் டைலைப் பெயர்த்தெடுப்பதற்கு அந்த வினையைப் பயன்படுத்துவதில்லை. சமையல் வேலைக்குப் போகிற பையன்களுக்கு இது ரொம்ப முக்கியம், ஏனென்றால் ஹோட்டல் கிச்சனில் கட்டளைகள் எல்லாம் இந்த ஒற்றை வினைகளில்தான் பறக்கும்.

வாயை மட்டும் மூடுபவைக்கு வருவோம். சட்டி, டப்பா, குப்பைத் தொட்டி இவற்றின் அகலமான மூடி லிட். கண்ணிமைக்கு 'ஐ லிட்' என்று சொல்வதும் இதே சொல்தான், கண்ணின் மூடி. பாட்டில், பேனா, டியூப் போன்ற குறுகிய வாய்க்கு கேப். உள்ளே சொருகி அடைப்பது 'ஸ்டாப்பர்', அது தக்கையாக இருந்தால் 'கார்க்', பாத்திரம் கழுவும் தொட்டியின் ஓட்டையை அடைப்பது 'பிளக்'. ஆக, மேலே உட்கார்ந்தால் லிட் அல்லது கேப், உள்ளே நுழைந்தால் ஸ்டாப்பர் அல்லது பிளக். முழுப் பொருளும் உள்ளே போய்விடுகிற உறை என்றால் கதை வேறு. கத்திக்கு 'ஷீத்', வாளுக்கு 'ஸ்காபர்ட்', துப்பாக்கிக்கு 'ஹோல்ஸ்டர்', கண்ணாடிக்கும் கிட்டாருக்கும் 'கேஸ்', சாக்லேட்டைச் சுற்றிய காகிதம் 'ராப்பர்'.

நர்சுகளுக்கு இது வெறும் சொல்வளப் பயிற்சி இல்லை, பிழைப்பு. மருத்துவத் துறையினருக்கென்றே நடக்கும் ஓஇடி என்ற ஆங்கிலத் தேர்வில் நோயாளியோடு பேசுவது போல இரண்டு உரையாடல்கள் செய்து காட்ட வேண்டும், அதில் காயத்தை 'கவர்' செய்தேன் என்று மட்டும் சொன்னால் எதைக் கொண்டு என்று எதிரே இருப்பவர் காத்திருப்பார். காயத்தின் மேல் நேரடியாக வைப்பது 'டிரஸ்ஸிங்', அது வலைத்துணியாக இருந்தால் 'காஸ்' (gauze), அதைப் பிடித்துக்கொள்ளச் சுற்றிக் கட்டுவது 'பேண்டேஜ்'. நாம் மாவுக்கட்டு என்று சொல்வது இங்கிலாந்தில் பிளாஸ்டர், அமெரிக்காவில் 'காஸ்ட்'. இங்கிலாந்திலேயே வெறுமனே பிளாஸ்டர் கேட்டால் விரல் கீறலுக்கு ஒட்டும் சின்னப் பட்டையைத் தருவார்கள். எலும்பு முறிந்த கையைச் சொல்ல 'இன் பிளாஸ்டர்' என்று முன்னால் அந்த 'இன்' வர வேண்டும், சொல் ஒன்றே, முன்னால் வரும் சின்ன எழுத்துகள்தான் மாவுக்கட்டையும் ஒட்டுப் பட்டையையும் பிரிக்கின்றன. ஆபரேஷன் தியேட்டரில் நோயாளியைச் சுற்றிப் போடும் கிருமி நீக்கிய துணி ட்ரேப். ஆறும் புண்ணில் படியும் பொருக்கு 'ஸ்காப்'. இரைப்பையின், கருப்பையின் உட்புறப் படலம் 'லைனிங்'. நம் புடவை பிளவுஸுக்கு உள்ளே தைக்கும் லைனிங் துணி எல்லாருக்கும் தெரியும், அதை நினைவுபடுத்தினால் போதும், உள்பக்கமாக இருந்தால் லைனிங் என்பது ஒரு நொடியில் பதிந்துவிடும். நோயாளி கூச்சப்படாமல் இருக்க அவர்மேல் துணியைப் போர்த்தும்போது என்ன செய்யப் போகிறோம் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்வது நல்ல நர்சுக்கு அழகு, அதனால் போர்வையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்த வாக்கியத்தை வகுப்பில் சத்தமாகப் பலமுறை சொல்ல வைக்கிறேன். போர்வை என்றதும் இன்னொன்று: நாம் பெட்ஷீட் என்று போர்த்திக்கொள்கிறோம், அங்கே 'ஷீட்' மெத்தையின் மேல் விரிப்பது அல்லது கம்பளிக்கு அடியில் வருவது, போர்த்துவது 'ப்ளாங்கெட்'. பஞ்சோ இறகோ அடைத்த கனத்த போர்வை இங்கிலாந்தில் 'டூவே', அமெரிக்காவில் 'கம்ஃபர்ட்டர்'.

பம்ப் கம்பெனிப் பையன்களுக்கு வேறு அகராதி. பம்புக்குள் சுழன்று தண்ணீரைத் தள்ளும் இம்பெல்லரைச் சுற்றியிருக்கும் கூடு 'கேஸிங்', ஓடுகிற பெல்ட்டின் மேலோ மோட்டாரையும் பம்பையும் இணைக்கும் கப்ளிங்கின் மேலோ கை படாமல் இருக்கப் போடுவது 'கார்டு' (guard). இதைக் கவர் என்று சொன்னால் ஏதோ தூசிக்குப் போட்டது போல ஆகிவிடும், கார்டு என்றால்தான் அது பாதுகாப்புக்கு, கழற்றிவிட்டு மெஷினை ஓட்டக் கூடாது என்பது சொல்லிலேயே இருக்கிறது. கம்பியின் மேல் மின்சாரம் தாக்காமல் இருப்பதற்கான உறை 'இன்சுலேஷன்', கேபிளின் வெளி உறை ஷீத், அதே கத்தி உறைச் சொல்தான். பெயிண்டில் நம் ஆட்களே "ரெண்டு கோட்டு அடிச்சிரு" என்பார்கள், அது அப்படியே சரி. முதலில் அடிப்பது 'ப்ரைமர்', அதன் மேல் 'அண்டர்கோட்', கடைசியாக 'டாப்கோட்'. முலாம் பூசுவது 'பிளேட்டிங்'. இரும்பின் மேல் துத்தநாகம் பூசுவது 'கால்வனைஸ்', ஜிஐ பைப் என்று கடையில் கேட்கிறோமே, அந்த முதல் எழுத்து அதுதான். மரப்பலகையின் மேல் நல்ல மரத்தின் மெல்லிய தகட்டை ஒட்டினால் 'வெனீர்', காகிதத்தின் மேல் பிளாஸ்டிக் படலம் ஒட்டினால் 'லாமினேஷன்', அது நம் ஆதார் கார்டு புண்ணியத்தில் எல்லாருக்கும் தெரிந்த சொல்.

வீட்டைப் பற்றிப் பேசும்போது கூரை முழுவதையும் ரூஃப் என்றே சொல்லிவிடுகிறார்கள். வெளியே நின்று பார்த்தால் ரூஃப், உள்ளே படுத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தால் தெரிவது 'சீலிங்', மின்விசிறி தொங்குவது சீலிங்கில். மொட்டை மாடியை நாம் டெரஸ் என்கிறோம், இங்கிலாந்தில் வாடகை வீடு தேடும்போது விளம்பரத்தில் டெரஸ் என்றோ 'டெரஸ்டு ஹவுஸ்' என்றோ போட்டிருந்தால் மொட்டை மாடி வரும் என்று நினைத்துவிட வேண்டாம், வரிசையாகச் சுவரோடு சுவர் ஒட்டிக் கட்டிய வீடுகள் என்று அர்த்தம்.

சரி, இது வரை கண்ணால் பார்க்கிற பொருட்கள். போட்டித் தேர்வு எழுதுகிறவர்கள் பெரிய பெரிய சொற்களைக் கேட்டு வருவார்கள், அவர்களுக்கு வேரைக் காட்டுவேன். பிரெஞ்சுக்காரர்களிடமிருந்து வந்த சொல் கவர், அதற்கும் முன்னால் லத்தீன். பழைய பிரெஞ்சில் 'நெருப்பை மூடு' என்பதுதான் இன்றைய 'கர்ஃபியூ'. இடைக்கால ஐரோப்பிய ஊர்களில் மரமும் வைக்கோலுமாக வீடுகள், இரவில் அடுப்பு நெருப்பு பரவினால் தெருவே போய்விடும், அதனால் மாலையில் ஒரு மணி அடித்தால் அடுப்பை மூடி அடக்க வேண்டும். அந்த மணியின் பெயர் பிறகு வெளியே நடமாடக் கூடாத நேரத்துக்கு ஆகிவிட்டது. 2020 மார்ச் 22 அன்று 'ஜனதா கர்ஃபியூ' என்று நாடு முழுக்கக் கேட்டோமே, அதற்குள் ஒளிந்திருப்பது ஓர் அடுப்பு. 'தலையை மூடு' என்பது 'கர்ச்சீப்' ஆனது, முதலில் தலையில் கட்டிய துணி, கையில் வைத்துக்கொள்ளும்போது முன்னால் 'ஹேண்ட்' சேர்ந்துகொண்டது. மூடியதைத் திறந்தால் 'டிஸ்கவர்', கண்டுபிடிப்பது. மறைவானது 'கவர்ட்'. ஆனால் குணமடைவதைச் சொல்லும் 'ரெகவர்' மட்டும் இந்தக் குடும்பம் இல்லை, மறுபடி மூடுவது என்று உடைத்துப் பார்க்காதீர்கள். அது திரும்பப் பெறுவது என்ற வேறு லத்தீன் வினையிலிருந்து வந்து இதைப் போலவே தோற்றம் பெற்றுவிட்டது. சோபாவுக்குத் துணி மாற்றுகிறவர் மறுபடி உறை போடுகிறேன் என்று சொல்ல வேண்டுமானால் எழுதும்போது நடுவில் ஒரு சிறு கோடு போடுவார்கள், உச்சரிக்கும்போது முதல் அசையை நீட்டி 'ரீ' என்பார்கள்.

இன்னொரு லத்தீன் வினை மூடுவது என்ற பொருளில் 'டெக்' என்ற ஒலியோடு இருந்தது. முன்னால் நின்று மூடினால் 'புரொடெக்ட்', காப்பது. மூடியதை விலக்கினால் 'டிடெக்ட்', துப்பறிவது, டிடெக்டிவ் வேலையே மூடியைத் தூக்கிப் பார்ப்பதுதான். கூரை ஓடான டைலும், ரோமானியர்கள் போர்த்திக்கொண்ட 'டோகா'வும் இதே வினையின் பிள்ளைகள், வைக்கோல் வேய்தலான தாட்ச், கப்பலின் மேல்தளமான 'டெக்' இவை ஜெர்மானிய மொழிகள் வழியாக வந்த ஒன்றுவிட்ட சகோதரர்கள். முதுகில் தட்டுத் தட்டாக நிற்கும் ஸ்டெகோசாரஸ் டைனோசரைக் குழந்தைகளுக்குத் தெரியும். 1877-இல் மார்ஷ் என்ற அமெரிக்க ஆய்வாளர் அந்தத் தட்டுகள் கூரை ஓடு மாதிரி முதுகில் படிந்து கிடந்தன என்று நினைத்து, 'கூரைப் பல்லி' என்ற பொருளில் கிரேக்கத்தில் வைத்த பெயர் அது, அந்தக் கிரேக்கச் சொல்லும் இதே பழைய வேர்.

கிரேக்கத்தில் மூடுவதற்கு வேறொரு வினையும் உண்டு, அதற்கான சாட்சி நம் நீலகிரியில் நிற்கிறது. யூகலிப்டஸ் என்றால் 'நன்றாக மூடப்பட்டது'. லெரிடியே என்ற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1788-இல் இந்தப் பெயரை வெளியிட்டார். தைல மரத்தின் மொட்டைக் கையில் எடுத்துப் பார்த்தால் காரணம் புரியும். இதழ்கள் ஒட்டிச் சேர்ந்து மேலே ஒரு சின்னத் தொப்பி போல மூடியிருக்கும், பூக்கும்போது அந்தத் தொப்பி கழன்று விழுந்து உள்ளேயிருந்து மகரந்தத் தண்டுகள் விரியும். ஊட்டிக்குப் போனால் மரத்தடியில் அந்தத் தொப்பிகளைத் தேடிப் பாருங்கள், ஒரு சொல்லை மறக்காமல் இருக்க இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. 'அபோகலிப்ஸ்' என்றால் இன்று உலக அழிவு என்கிறார்கள், மூலத்தில் அதே வினைதான், மூடியதை விலக்கிக் காட்டுவது. லத்தீனில் அதற்கு இணையாக முகத்திரையை விலக்குவது 'ரிவீல்'.

கூட வரும் இணைப்புச் சொற்களையும் சொல்லிவிட வேண்டும், இதில்தான் நேர்முகத் தேர்வில் மார்க் போகிறது. வேண்டுமென்று ஒரு துணியால் மூடினால் 'கவர்டு வித்'. சேறு, மாவு, கொசுக்கடி என்று உடம்பெல்லாம் அப்பிக் கிடந்தால் 'கவர்டு இன்'. இன்சூரன்ஸோ சட்டமோ பாதுகாப்புத் தந்தால் 'கவர்டு பை'. உச்சரிப்பில் ஒரு இடம்: மொய்க் கவரைச் சொல்லும் என்வலோப்புக்கு அழுத்தம் முதல் அசையில், பனிமூட்டம் மலையைச் சூழ்ந்துகொள்வதைச் சொல்லும் 'என்வெலப்' என்ற வினைக்கு அழுத்தம் நடுவில், எழுத்திலும் கடைசி எழுத்து ஒன்று குறையும்.

குற்றத்தை மூடுவதற்கும் சொற்கள் வேண்டுமே. தமிழில் 'பூசி மெழுகுவது' என்கிறோம், ஆங்கிலத்தில் பளபளப்பு ஏற்றிக் கடப்பதாக 'க்ளாஸ் ஓவர்' (gloss over), விரிசலின் மேல் காகிதம் ஒட்டுவதாக 'பேப்பர் ஓவர்', வெள்ளையடிப்பதாக 'வொய்ட்வாஷ்'. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது அங்கே 'கவர்-அப்'. செய்தித்தாளில் அரசியல் பக்கத்தைப் படிக்கும்போது இந்த நான்கையும் தேடி அடிக்கோடு போடச் சொல்கிறேன், கிடைக்காத வாரமே இல்லை.

வேலைக்குச் சேரும் நர்சுகள் முதல் நாளிலிருந்தே கேட்கப் போகும் வாக்கியம் ஒன்று உண்டு. சக ஊழியர் வந்து என் ஷிஃப்டை 'கவர்' பண்ண முடியுமா என்பார். இதற்கும் மூடுவதற்கும் சம்பந்தம் தேடிக்கொண்டு நிற்க வேண்டாம், அவருக்குப் பதிலாக அந்த நேரம் நீங்கள் வேலை பார்ப்பீர்களா என்று கேட்கிறார். அதையே ஷிஃப்டைச் சொல்லாமல் 'கவர் ஃபார் மீ' என்றால் இரண்டு அர்த்தம்: கொஞ்ச நேரம் என் வேலையைப் பார்த்துக்கொள் என்பது ஒன்று, நான் இல்லாததை யாராவது கேட்டால் ஏதாவது சொல்லிச் சமாளி என்பது இன்னொன்று. எது என்று சந்தேகமாக இருந்தால் எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, வார்டு பொறுப்பாளருக்குத் தெரியுமா என்று திருப்பிக் கேளுங்கள், தெரியும் என்றால் மட்டும் சரி என்று சொல்லுங்கள்.